ஏடு பிழைத்தால் தீவு தொலையும்

ஓர் ஏடு பிழைபட எழுதப்படின், அதனை ஓதுவோன் எத்துணை அறிவுடையவனாயினும் அவன் கொள்ளும் பொருளும் பிழைபடும். இவ்வுண்மையை ஓலைச்சுவடிக் காலத்து நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். கணினிக் காலத்து மாணாக்கர் இதனை மீண்டும் உணரவேண்டியவராயுள்ளனர். க.பொ.த. உயர்தர வகுப்பிலே பைதன் என்னும் செய்நிரல் மொழியைக் கற்கும் மாணவர் நம்மிடையே பலர்; அத்துறையிலே தொழில் புரியும் பழைய மாணவரும் பலர். தமிழாசிரியனுக்குக் கணினியிலே என்ன அலுவல் என அவர்கள் வினவலாம். கணக்கும் கருவியும் அவர்க்குரியன. ஏட்டைப் பிழையற எழுதுதல் தமிழாசிரியனுக்கும் உரியது. கோட்டுரு ஒன்றினை உரைக்கோப்பிலே எழுதிக் கணினிக்கு ஓதுவிக்கும் முறையையும், அம்முறையிலே நேரும் பிழைகளையும், அப்பிழைகளைக் காக்கும் வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டுரு என்பது யாது?

கணித வகுப்பிலே சமன்பாடொன்றினைக் கட்டத்தாளில் வரைந்து காட்டும் வரைபு வேறு. ஈண்டுக் கூறப்படுவது வேறு. சில பொருள்களைப் புள்ளிகளாகவும், அவற்றிடையேயுள்ள தொடர்புகளைக் கோடுகளாகவும் கொண்டு அமையும் உருவமே கோட்டுரு எனப்படும். புள்ளியைக் கணு என்றும், கோட்டினை இணைப்பு என்றும் கூறுவாம். ஊர்கள் கணுக்களாயின் வீதிகள் இணைப்புக்கள். மாந்தர் கணுக்களாயின் உறவுகள் இணைப்புக்கள். கோட்டின் நீளமும் வளைவும் இங்கே பொருட்டல்ல. எது எதனோடு தொடர்புற்றது என்பதொன்றே பொருட்டாம்.

இக்கணிதப் பிரிவுக்கு வித்திட்டவர் லெயோனாட் ஒயிலர் என்னும் பேரறிஞர். பிரசிய நாட்டுக் கோனிக்ஸ்பேர்க் நகரிலே, ஆறொன்றினாற் பிரிவுண்ட நான்கு நிலப்பகுதிகளை ஏழு பாலங்கள் இணைத்தன. அந்நகரம் இன்று உருசியாவிலே கலினின்கிராட் என்னும் பெயருடன் விளங்குகின்றது. ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறையே கடந்து உலாவி வருதல் இயலுமோ என்பது அந்நகரத்தார் வினா. இயலாது என 1735ஆம் ஆண்டிலே ஒயிலர் நிறுவினார். பாலங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள நிலப்பகுதிகள் ஒன்றுமே இல்லாதிருத்தல் வேண்டும். அன்றேல் இரண்டாக இருத்தல் வேண்டும். பிறவாறாயின் அவ்வுலா அமையாது என்பது அவர் கண்ட விதி. கோனிக்ஸ்பேர்க்கிலோ ஒரு பகுதியில் ஐந்து பாலங்களும் ஏனைய மூன்றிலும் மும்மூன்று பாலங்களும் இருந்தமையால் நான்கு பகுதிகளும் ஒற்றைப்படையாயின.

நம் தீவகம் ஒரு கோட்டுரு

கோட்டுருவைக் காண்பதற்கு நாம் அத்துணைத் தொலைவு செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் மேல்பாலுள்ள தீவகமே கண்கூடான கோட்டுருவாகும். பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாணத்தை வேலணைத்தீவோடு இணைக்கின்றது; அவ்வழியிலிருந்து பிரியும் வீதி மண்டைதீவுக்குச் செல்கின்றது. வேலணையையும் புங்குடுதீவையும் மற்றொரு தாம்போதி இணைக்கின்றது. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. வேலணைத்தீவின் வடபாலுள்ள ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் படகுகள் உண்டு. காரைநகருக்குப் பாதை என வழங்கும் மிதவை உண்டு. காரைநகரைப் பொன்னாலைத் தாம்போதி குடாநாட்டோடு இணைக்கின்றது.

இத்துணையும் உரைக்கோப்பிலே எழுதினால் ஒன்பது வரிகளில் அடங்கும்:

யாழ்ப்பாணம் வேலணைத்தீவு
வேலணைத்தீவு மண்டைதீவு
வேலணைத்தீவு புங்குடுதீவு
புங்குடுதீவு நயினாதீவு
புங்குடுதீவு நெடுந்தீவு
வேலணைத்தீவு அனலைதீவு
வேலணைத்தீவு எழுவைதீவு
வேலணைத்தீவு காரைநகர்
காரைநகர் யாழ்ப்பாணம்

வரிக்கு ஓர் இணைப்பு. இணைப்புக்கு இரு பெயர். பெயர்களுக்கு இடையே ஓர் இடைவெளி. இதற்கு இணைப்புப் பட்டியல் என்று பெயர். எளிய கருவியொன்றினால் எழுதலாம், எவரும் படிக்கலாம், பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் திறக்கலாம். உரைக்கோப்பின் சிறப்பு இதுவே.

இப்பட்டியலை ஓதிக் கோட்டுருவாக்கித் தருவதற்குப் பைதன் மொழியிலே நெட்வொர்க்எக்ஸ் என்னும் செய்நிரல் நூலகம் உளது. அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் தேசிய ஆய்வுகூடத்திலே 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2005ஆம் ஆண்டில் உலகோர் யாவர்க்கும் இலவசமாக அளிக்கப்பெற்றது இந்நூலகம். அதிலுள்ள ரீட் எட்ஜ்லிஸ்ட் என்னும் பணிக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தாற் போதும். அது வரிவரியாக ஓதும். வேலிக்குறி போன்ற எண்குறியைக் கண்டால் அவ்வரியில் அதற்குப் பின்னுள்ளதைக் குறிப்புரையெனக் கருதி விலக்கும். இடைவெளி கண்டவிடத்துப் பிரிக்கும். முதற்சொல்லையும் இரண்டாஞ்சொல்லையும் கணுக்களாகக் கொண்டு இணைக்கும். எஞ்சியதை இணைப்பின் பண்பாகக் கொள்ளும். பயண நேரம் போன்ற எண்ணொன்றினை மூன்றாவதாக எழுதினால், அதனை ஓதுதற்கு ரீட் வெயிட்டட் எட்ஜ்லிஸ்ட் என்னும் வேறொரு பணியும் உண்டு.

மேற்காட்டிய கோப்பினை ஓதுவித்தால் ஒன்பது கணுக்களும் ஒன்பது இணைப்புக்களும் கிடைக்கும். யாவும் ஒரே தொகுதியாக இணைந்திருக்கும். யாழ்ப்பாணம், வேலணைத்தீவு, காரைநகர் என்னும் மூன்றும் ஒரு சுற்றாக அமைந்திருத்தலையும், அச்சுற்றிலே ஒரு வழி தடைப்பட்டால் மறுவழி உண்டென்பதையும் கணினி நொடியிற் கூறும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள இணைப்பு அத்தகையதன்று. அஃது அறுமாயின் புங்குடுதீவும் நயினாதீவும் நெடுந்தீவும் ஒருங்கே துண்டிக்கப்படும் என்பதையும் கூறும். நோயாளியை ஏற்றிவரும் வழியையோ, பரீட்சை வினாத்தாளை அனுப்பும் வழியையோ வகுக்கும் அலுவலருக்கு இவ்வறிவு எத்துணைப் பயன்படும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கூச்சலிடும் பிழையும் வாய்மூடிய பிழையும்

நிற்க. ஓதுவிக்கும்போது நேரும் பிழைகள் இருவகைப்படும். ஒரு வகை கூச்சலிடும் பிழை. வேலணைத் தீவு எனப் பிரித்தெழுதி அதன்பின் யாழ்ப்பாணம் என எழுதினால், வேலணைத் என்பது ஒரு கணு, தீவு என்பது மற்றொரு கணு, யாழ்ப்பாணம் என்பது பண்பு எனக் கணினி பிரித்துக்கொள்ளும். பண்பு எழுதப்படவேண்டிய முறையில் அஃது இல்லாமையால் தொழிலை நிறுத்தி முறையிடும். இத்தகைய பிழை நன்மைக்கே. அது தன்னைத் தானே காட்டிக் கொடுக்கின்றது. ஆயின், பண்புகளைப் புறக்கணி என்று முன்னரே கட்டளையிட்டிருப்பின், அதே பிழை வாயடைத்து உள்ளே புகுந்துவிடும். வேலணைத் என்றும் தீவு என்றும் இரண்டு பொய்க்கணுக்கள் கோட்டுருவிலே குடியேறும். இவ்வாறு ஓசையின்றிப் புகுவன மற்றை வகையின; அஞ்சப்படவேண்டியன இவையே. அவற்றுள் தலையாய நான்கினை நோக்குவாம்.

முதலாவது, பெயரின் வேறுபாடு. புங்குடுதீவு என்றும் புங்கிடுதீவு என்றும் எழுதுவார் உளர். படிப்போர் இரண்டும் ஒன்றென அறிவர், கணினி அறியாது. மூன்றாம் வரியில் ஒருவாறும், நான்காம் ஐந்தாம் வரிகளில் மற்றொருவாறும் எழுதப்படின், கணுக்கள் பத்தாகும்; தொகுதி இரண்டாகப் பிளக்கும்; யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்கு வழியில்லை என்று கணினி விடை பகரும். கடலிலே படகு ஓடிக்கொண்டிருக்க, ஓர் உயிர்மெய்யெழுத்து வழியை அடைத்துவிடுகின்றது! ஊர்காவல் என்பதும் துறை என்பதும் புணர்ந்தால் ஊர்காவற்றுறை என வருதலே இலக்கணம். ஊர்காவற்துறை எனவும் இன்று பலர் எழுதுகின்றனர். புணர்ச்சி விதி பரீட்சைக்கு மாத்திரம் உரியது என எண்ணும் மாணாக்கர் இதனை ஊன்றி நோக்குக. இடர்ப்பாட்டுக்கு அஞ்சி உரோம எழுத்தில் எழுதினாலோ துன்பம் இரட்டிக்கும். நெடுந்தீவு என்னும் ஒரு பெயரை ஆளுக்கொருவாறு எழுத்துக்கூட்டுவர். ஒல்லாந்தர் இட்ட டெல்ஃப்ற் என்னும் பெயரும் இடையே வந்து புகும்.

இரண்டாவது, கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு. யூனிகோட் என்னும் ஒருங்குறியிலே பொன்னாலை என்பதன் முதலெழுத்தை இருவகையாகப் பதியலாம். பகரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்த்தல் ஒரு வகை. எகரக் கொம்பினையும் காலினையும் தனித்தனியே சேர்த்தல் மற்றொரு வகை. திரையிலே இரண்டும் ஒரே பொ. கணினியின் உள்ளே இரண்டும் வேறு வேறு சரங்கள்; ஆதலின் வேறு வேறு கணுக்கள். இவற்றை ஒருமுகப்படுத்தும் நெறி ஒருங்குறியிலேயே உண்டு. பைதனிலும் அதற்குரிய பணி உண்டு. பெயர்களை அதனூடாகச் செலுத்திய பின்னரே கோட்டுருவாக்குதல் வேண்டும். காற்புள்ளியைப் பிரிகுறியாகக் கொள்வோர், அதன்பின் அழகுக்காக இடைவெளி விட்டால், அவ்விடைவெளியும் பெயரின் உறுப்பாகிவிடும். சில எழுதுகருவிகள் கோப்பின் தலையிலே காணாக்குறியொன்றை இட்டுச் சேமிக்கும். அது முதற்பெயரோடு ஒட்டிக்கொள்ளும். நம் கோப்பிலே முதல்வரி யாழ்ப்பாணமும் இறுதிவரி யாழ்ப்பாணமும் அதனால் இருவேறு ஊர்களாகி, மேற்கூறிய சுற்று அறுந்துபோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதியவை திரையிலே தமிழாயினும், உள்ளே உரோம எழுத்துக்களே. அங்கே காற்புள்ளியின் இடத்தில் அமர்ந்திருப்பது இகரம். காற்புள்ளியாற் பிரிக்குமாறு பணித்தால் இணுவில் தன் தலையெழுத்தை இழந்து நிற்கும். ஆதலின் அத்தகைய கோப்புக்களை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளல் இன்றியமையாதது.

மூன்றாவது, இரண்டு ஒன்றாதல். நூலகம் இயல்பாக ஆக்குவது எளிய கோட்டுரு. அதிலே இரு கணுக்களுக்கிடையே ஓர் இணைப்புக்கே இடமுண்டு. கோனிக்ஸ்பேர்க்கின் நடுத்தீவுக்கும் வடகரைக்கும் இடையே இரண்டு பாலங்கள். தென்கரைக்கும் அவ்வாறே இரண்டு. ஏழு பாலங்களையும் ஏழு வரிகளில் வழுவின்றி எழுதி ஓதுவித்தாலும், ஒரே பெயரிணை மீண்டும் வந்தவிடத்துக் கணினி அதனைப் பழையதன் மேலேயே பதித்துவிடும். ஏழு பாலங்கள் ஐந்தாகிவிடும். ஒற்றைப்படையான நிலப்பகுதிகள் நான்காக இருந்தவை இரண்டாகிவிடும். ஆகவே உலாவி வருதல் இயலும் என்று கணினி கூறும்! ஒயிலர் இயலாது என்று நிறுவியதை, ஓதுவித்த முறை இயலும் என்று புரட்டிவிடுகின்றது. கோப்பிலே பிழையில்லை; கணக்கிலே பிழையில்லை; கொள்கலத்தைத் தேர்ந்ததிலேதான் பிழை. மல்ட்டிகிராப் என்னும் பல்லிணைப்புக் கோட்டுருவாக ஆக்குக என ஓதுவிக்கும்போதே பணித்தல் இதற்குப் பரிகாரம். இரு கரைகளுக்கிடையே தாம்போதியும் படகும் ஒருங்கே உள்ளவிடத்து நாமும் இதனை மறத்தலாகாது.

நான்காவது, தனித்தது தொலைதல். இதுவே மிகக் கொடிது. கச்சதீவு குடிகளற்றது; ஆண்டுதோறும் நிகழும் அந்தோனியார் திருவிழாவன்றி அங்கே மக்கள் திரளும் காலம் இல்லை. நாடோறும் ஓடும் படகில்லாமையால் அதற்கு இணைப்பு எழுத இயலாது. பெயரையாவது பதிவோம் என்று கச்சதீவு என ஒரு சொல்லை மாத்திரம் ஒரு வரியில் எழுதினால், இரு சொற்கள் இல்லாத வரியென நூலகம் அதனை ஓசையின்றித் தாண்டிச் சென்றுவிடும். இணைப்புப் பட்டியலின் இயல்பே இது: தொடர்பற்றது அதற்கு இல்லாதது.

கச்சதீவைப் பற்றிக் கவலையென்ன என்பார் சற்றே பொறுத்து நோக்குக. கடல் கொந்தளித்து எழுவைதீவுக்குப் படகு ஓடாத நாளொன்றினை எண்ணுவோம். அன்றைய நிலையைக் காட்டவேண்டி, அலுவலர் ஒருவர் கோப்பிலே வேலணைத்தீவு எழுவைதீவு என்னும் வரியை நீக்குகின்றார். பின்னர், எத்தீவாயினும் துண்டிக்கப்பட்டுள்ளதோ எனக் கணினியை வினவுகின்றார். எட்டுக் கணுக்கள், எட்டு இணைப்புக்கள், யாவும் ஒரே தொகுதி; துண்டுண்டது ஒன்றுமில்லை என அது விடையிறுக்கின்றது. கணினி பொய் கூறவில்லை. அதன் உலகிலே எழுவைதீவு என ஒன்று இல்லை. ஒரு தீவு உதவியற்று நிற்கும் அந்நாளிலேயே, யாவும் நலம் என்னும் செய்தி எழுகின்றது. துண்டுண்டோரை அறியவேண்டி எழுதிய ஏடே துண்டுண்டோரை மறைத்துவிடுமாயின், அதனினும் கொடிய பிழை வேறு யாது?

இதற்குரிய பரிகாரம் எளிது. கணுக்களின் பெயர்களை வேறொரு கோப்பிலே எழுதி, அவற்றை முதலிற் சேர்த்துப் பின்னர் இணைப்புக்களைச் சேர்த்தல் ஒரு வழி. அயற்பட்டியல் என்னும் வேறொரு வடிவைக் கைக்கொள்ளல் மற்றொரு வழி. அதிலே ஒரு கணுவின் பெயரை முதலில் எழுதி, அதன் அயற்கணுக்களைத் தொடர்ந்து எழுதுவர்; தனித்த பெயர் ஒன்றே ஒரு வரியில் நின்றாலும் ரீட் அட்ஜ்லிஸ்ட் என்னும் பணி அதனைக் கணுவென ஏற்றுக்கொள்ளும். எனினும் இணைப்பின் பண்பினை அயற்பட்டியலில் எழுத இயலாது. பண்பும் வேண்டும், தனித்த கணுவும் வேண்டும் எனின் கிராப்எம்எல் போன்ற விரிந்த வடிவத்தை நாடுதல் நன்று.

ஆகத் திருவிருத்தம்

இனி, இந்நால்வகைப் பிழைகளையும் கண்டறிவதற்குப் பொதுவழி யாது? அதனை நம் முன்னோர் முன்னரே கண்டுள்ளனர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே ஓதப்பட்டுவரும் கந்தபுராணம் போன்ற நூல்களின் பதிப்புக்களை எடுத்து நோக்குக. படலத்தின் இறுதியிலே ஆகத் திருவிருத்தம் என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். படியெடுப்போன் ஒரு செய்யுளை விட்டாலும், ஒன்றினை இருமுறை எழுதினாலும் அவ்வெண் அவனைக் காட்டிக் கொடுக்கும். பிழையைத் தடுக்க இயலாவிடினும், அதனை வாய்மூடியிருக்க விடாது. வாய்மூடிய பிழையைக் கூச்சலிடச் செய்யும் உபாயம் அது.

அதனையே கோப்புக்கும் செய்க. கோப்பின் முதல்வரியிலே எண்குறியிட்டு, ஆகக் கணு 9, ஆக இணைப்பு 9, ஆகத் தொகுதி 1 என எழுதுக. நூலகம் அதனைக் குறிப்புரையாகக் கருதித் தாண்டிச் செல்லும். அது மனிதர்க்கு உரியது. கோப்பின் தலையில் ஒட்டும் காணாக்குறி இருப்பின், அதுவும் ஊர்ப்பெயரைப் பற்றாது அக்குறிப்புவரியோடு நீங்கிவிடும். ஓதுவித்த உடனே, வேறெதனையும் வினவுமுன், கணு எத்தனை, இணைப்பு எத்தனை, தொகுதி எத்தனை எனக் கணினியைக் கேட்டு ஒப்புநோக்குக. புங்கிடுதீவு புகுந்திருந்தால் கணு பத்தாகும். பாலங்கள் ஒன்றாகியிருந்தால் இணைப்பு குறையும். எழுவைதீவு தொலைந்திருந்தால் கணு எட்டாகும். பின்னர்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தி ஒருமுறை வாசிக்க. ஒன்றையொன்று ஒத்த பெயர்கள் அடுத்தடுத்து நின்று தம்மைக் காட்டிக்கொள்ளும். இவையனைத்துக்கும் சில நிமிடங்களே வேண்டும்.

சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார்கள். கலித்தொகை 1887ஆம் ஆண்டில் அவர்களால் வெளிவந்தது. ஏட்டை உள்ளவாறே நம்பிவிடாது, ஒப்புநோக்கித் தெளிந்து, அதன் பின்னரே பொருள் கொள்ளுதல் அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற நெறியாகும். கருவி மாறினும் அந்நெறி மாறவில்லை. அன்று செல் அரித்தது. இன்று காணாக்குறி அரிக்கின்றது.

மாணவ மணிகளே, கணினி கூறியது என்பதனாலேயே ஒரு விடையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதற்கு நீங்கள் ஓதுவித்த ஏடு யாது என முதலில் வினவுங்கள். தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே, ஒரே வாய்பாடாக, இலக்கணம் வழுவாது எழுதுங்கள். கடல்கடந்த நாடுகளிலே இத்துறையில் உயர்பதவி வகிக்கும் பழைய மாணவர்களே, நம் ஊர்களின் பெயர்களைச் சரியான எழுத்தோடு தொகுத்து, எண்ணிக்கை பொறித்து, எல்லோர்க்கும் பயன்படும் கோப்பாக ஆக்கித் தருவீர்களாயின், கல்லூரிக்கும் நாட்டுக்கும் அஃது அரும்பணியாகும். அக்கோப்பிலே படகில்லாத தீவுக்கும் ஒரு வரி இருத்தல் வேண்டும்.